முன்சீட்டுக் காற்று

செப்டம்பர் 23, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தவர் ரெபேக்கா மேடம். கோயமுத்தூரில், வண்டி ஓட்டுகிறவர்களை எச்சரிக்கும் கருவி செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் இன்ஜினியர். "தினமும் என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சுன்னு எழுதுங்கண்ணா. அழகா எழுத வேண்டாம். உள்ளது உள்ளபடி வேணும்" என்றார். மூன்று வாரம் கழித்து இதைப் படிக்கப் போகிறவரும் அவர்தான்.

எனவே மேடம், முதலிலேயே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து மூன்று. ஸ்டியரிங் பிடித்து இருபத்தேழு வருடம். அதில் பதினொரு வருடமாக, அன்னூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினெட்டுப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவிநாசி பனியன் கம்பெனிக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் கருவி எனக்குத் தேவையில்லை.

தேவையில்லாதது ஏன் வந்தது என்றால், போன மாதம் வெறும் வண்டியாக வரும்போது கருவலூர் வளைவில் ஒரு லாரி என் வேனின் இடது பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் உடைத்தது அதுதான். அதற்கு முந்தின மாதம் கம்பெனி கேட்டுத் தூண் வந்து இடது பக்கம் உரசியது. மேனேஜர் சிவராசு கூப்பிட்டு, "மூணு வாரம் பாக்கலாமுங்ணா. மிசினு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. நல்லபடியா வந்துதுன்னா வேனு உங்களுது. இல்லீன்னா கோகுலுக்கு மாத்தி உட்டுருவேன், வருத்தப்படப்புடாது" என்றார்.

கோகுல் எங்கள் மாற்று டிரைவர். வேகத்தடையைப் பார்த்தால் அவனுக்குச் சாமி வந்துவிடும். அவன் கையில் என் வேனா? பார்ப்போம்.

கருவி இதுதான். இடது கண்ணாடிக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கேமரா. இடது பக்கம் யாராவது நெருங்கினால் அது கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததை எனக்குச் சொல்ல இரண்டு வழி. ஒன்று, இடது ஓரத் தூணில் எரியும் மஞ்சள் லைட். இன்னொன்று, என் சீட்டுக்குள் ஒரு மோட்டார். அது இடது தொடையில் கிர்ரென்று நடுங்கும். முதல் வாரம் லைட் மட்டும், அடுத்த வாரம் சீட் மட்டும், மூன்றாவது வாரம் இரண்டும்.

நான் திரும்பிப் பார்க்கிறேனா என்று கணக்கெடுக்கும் பெட்டியை எனக்கு இடப்பக்கத்து முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதற்குத்தான் பெண்கள் பெரிய ரகளை செய்தார்கள். செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பூவாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேடத்திடம், "அந்தப் பொட்டிய டாப்புல கட்டிக்குங்க. முன்சீட்டுல ஒருத்தி உக்காந்தே ஆகோணும்" என்றாள். ஏன் என்று கேட்டால், "காத்து நல்லா வருமுங்க" என்றாள். முன்சீட்டுக்கு இவர்களுக்குள் எப்போதும் போட்டி உண்டு. தினம் ஒருத்தி உட்காருவாள்.

கடைசியில் பெட்டிதான் ஜெயித்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

லைட் எரியவில்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. மேடம், உங்கள் ஒயரைப் பாருங்கள்.

முன்சீட் போன துக்கத்தில் பூவாத்தாள் எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "அண்ணா, அக்கட்டால ஒரு வண்டி." "அண்ணா, ஸ்கூல் புள்ளைக சைக்கிள்ல வருதுங்க பாருங்." நான் பார்க்காததையா இவள் பார்த்துவிட்டாள்?

செப்டம்பர் 26, வியாழன்

துளசிமணி, அதாவது என் வீட்டுக்காரி, மோர் டம்ளரை எனக்கு இடது பக்கம் வைத்துவிட்டாள். கை பட்டுக் கவிழ்ந்தது. இவளுக்கு எத்தனை தரம் சொல்வது? நான்கு மாதமாக எல்லாவற்றையும் வலப்பக்கமாக வைத்துப் பழகியவள், இன்று ஏதோ ஞாபகத்தில் மாற்றிவிட்டாள். சண்டை போடலாம் என்று பார்த்தால், "ஏனுங்க, என்ற தப்புதானுங்க" என்று துடைத்துவிட்டாள். இப்படி உடனே ஒப்புக்கொண்டால் சண்டையை எங்கே பிடிப்பது?

பக்கத்து வீட்டு ராமசாமிக்கும் ஏதோ கோபம். மூன்று நாளாகத் தலையாட்டினானாம், நான் கண்டுகொள்ளவில்லையாம். எனக்கு இடது பக்கமாக வந்து நின்றுகொண்டு தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் 28, சனி

ரெபேக்கா மேடம் பெட்டியில் கம்பியைச் சொருகிக் கணக்கு எடுத்தார். லைட் அறுபத்து மூன்று தடவை எரிந்ததாம். நான் திரும்பிப் பார்த்தது ஒன்பது தடவையாம். அந்த ஒன்பதும்கூட பூவாத்தாள் கத்தியதற்குத் திரும்பியது என்று மேடத்துக்குச் சொல்லவில்லை.

"லைட் கம்மியா இருக்காண்ணா?"

"லைட்டே இல்லீங்க மேடம்."

அவர் வண்டியில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். எரிந்ததாம். இறங்கி என் முகத்தைப் பார்த்தார். "அண்ணா, கண் செக் பண்ணிருக்கீங்களா?"

வருடா வருடம் கம்பெனியில் கண் முகாம் நடக்கிறது, அதில் முதல் ஆளாகத் தேறுகிறவன் நான்தான் என்றேன். உண்மை. அந்த எழுத்துப் பலகையில் குச்சி வைப்பதற்கு முன்னாலேயே எழுத்தைச் சொல்லிவிடுவேன். போன வருடம் அந்த நர்ஸே அசந்துபோனாள்.

இந்த வாரக் கணக்கு மேனேஜருக்குப் போகும். போகட்டும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

சீட் கிள்ளியது!

அன்னூர் தாண்டி முதல் நடுக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டு, "யாரது?" என்று கத்திவிட்டேன். வேன் முழுக்கச் சிரிப்பு. இடது பக்கம் திரும்பினால் நிஜமாகவே ஒரு பால்காரன், இரண்டு கேனோடு, வேனை ஒட்டி. எங்கிருந்துதான் வருகிறார்களோ.

இன்று மட்டும் பதினாறு தடவை கிள்ளியது. பதினாறு தடவையும் ஆள் இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

இந்த சீட்டுக்கு மச்சான் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேரம் காலம் பார்க்காமல் தொடையில் கிள்ளுகிற உரிமை வேறு யாருக்கு உண்டு?

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. லீவு. துளசிமணியை மொபெட்டில் வைத்துக்கொண்டு அன்னூர் சந்தைக்குப் போனேன். மச்சானைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தன லட்சமுங்க அந்த மிசினு?"

"அது தெரியாது. இடது பக்கம் வண்டி வந்தா இடது தொடையில கிள்ளும்."

"அதுக்கு எதுக்குங்க மிசினு?" என்று சொல்லிக்கொண்டே என் இடது தோளைத் தட்டினாள். வண்டியில் உட்கார்ந்தால் இவள் இப்படித்தான், இரண்டு வருடமாகத் தோளைத் தட்டிக்கொண்டே வருவாள். பயந்த சுபாவம். நான் இடது பக்கம் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டி.

அக்டோபர் 5, சனி

மேடம் கணக்கு எடுத்துவிட்டுக் குதிக்காத குறை. அடித்தது எழுபத்தொரு தடவை. நான் திரும்பிப் பார்த்ததும் எழுபத்தொன்று. "நூத்துக்கு நூறுண்ணா! லைட்டை விடத் தொடுறதுதான் டிரைவருக்குச் சரின்னு நான் ஆறு மாசமா ஆபீஸ்ல சொல்லிட்டிருக்கேன். யாரும் நம்பல. உங்களை வெச்சு ஒரு பெரிய கட்டுரையே எழுதப் போறேன்" என்றார்.

என்னை வைத்துக் கட்டுரை! துளசிமணியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "நூத்துக்கு நூறா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

மேனேஜரும் இன்று தோளில் கை போட்டுப் பேசினார். கோகுலின் முகம் சுருங்கிவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்த வாரம் லைட்டும் உண்டு, மச்சானும் உண்டு. லைட் பழையபடி எரியவில்லை. மச்சான் இருக்கும்போது அது எதற்கு?

பூவாத்தாள் இப்போது அதிகம் பேசுவதில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் பெருமூச்சு கேட்கிறது. நேற்று முதல் தூங்கவே ஆரம்பித்துவிட்டாள். பதினொரு வருடத்தில் அவள் வேனில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. கம்பெனியில் இன்று சாயங்காலமே பூஜை போட்டுவிட்டார்கள். நான்கு வேன்களையும் கழுவி வரிசையாக நிறுத்தினோம். என் வேனுக்குப் பெண்கள் செய்த அலங்காரத்துக்கு முன் மற்ற மூன்றும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூவாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு, ஹெட்லைட்டுக்கு, கண்ணாடிக்கு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். இடது கண்ணாடிக்குக் கீழே கேமராவைப் பார்த்ததும் நின்றாள்.

"இதுவும் ஒரு கண்ணுதானுங்களே. இதுக்கு வெக்காம உடலாமுங்ளா?"

"வெச்சு உடு. பாவம், மூணு வாரமா முழிச்சிட்டே இருக்குது" என்றேன்.

கட்டை விரலால் நிறையச் சந்தனம் எடுத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். நன்றாக இருந்தது.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். மடி நிறையப் பொரி, கடலை. வேனுக்குள் ஒரே கலகலப்பு. மச்சான் ஒரு தடவைகூடக் கிள்ளவில்லை. ரோட்டில் ஆளே இல்லை, எல்லாரும் பூஜையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக ஓட்டினேன்.

இந்த இடத்தை எழுதக் கை வரவில்லை. உள்ளது உள்ளபடி என்று மேடம் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

கருவலூர் தாண்டி, எதிரில் பஸ் வந்ததால் இடது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கும்போதே பூவாத்தாள் "அண்ணா!" என்று அலறி, பின்னாலிருந்து என் இடது தோளைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். பிரேக்கை மிதித்தேன். வேனுக்குள் பொரி பறந்தது. இடது பக்கம் ஒரு மொபெட் மண்ணில் சாய்ந்து கிடந்தது. அதில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூஜைக்கு வாங்கிய பூசணிக்காய் உடைந்து சிதறியிருந்தது. அந்தப் பெண்ணின் சேலையெல்லாம் பூசணி விதை. அடி ஒன்றும் இல்லை. கடவுள் புண்ணியம்.

அந்த ஆள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "அரை மைலா உங்க பக்கத்துலயேதானுங்க வாரன். ஹாரன் அடிச்சனே. என்னைப் பாத்தீங்கதான?" என்று கேட்டான்.

நான் குனிந்து அவன் மொபெட்டைத் தூக்கி நிறுத்தினேன்.

கேமராவில் சந்தனம் அப்பியதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. சந்தனம்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மொபெட்டுக்குச் சாம்பிராணி காட்டும்போது புகை வலது கண்ணில் ஏறிவிட்டது. துண்டால் பொத்திக்கொண்டு முகம் கழுவப் போனேன். தொட்டியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அக்டோபர் 12, சனி

எங்கள் வீட்டு நாட்காட்டியில் தேதி கொட்டை எழுத்தில் இருக்கும். ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் தெரிய வேண்டும். தெரிகிறது, வலது கண்ணால்.

அக்டோபர் 13, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

இன்றுதான் மூன்றாவது வாரக் கணக்கு, மேனேஜர் தீர்ப்பு, எல்லாம். காலையில் வேனைப் பதினைந்துக்கு மேல் விடவில்லை. சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பெண்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை. பூவாத்தாள் முன்னால் வந்து, பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்தே வந்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

கம்பெனியில் ரெபேக்கா மேடம் கேமராவைப் பார்த்துவிட்டு வாய் விட்டுச் சிரித்தார். மேடம் கண்ணால் பார்க்கட்டும் என்று நான் துடைக்காமல் விட்ட காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். "உலகத்துல எந்த லேப்லயும் இந்த டெஸ்ட் பண்ணிருக்க மாட்டாங்கண்ணா!" பிறகு பெட்டியில் கணக்கைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "கேமரா மறைஞ்சா உடனே தெரியற மாதிரி வெச்சிருக்கோமே. வியாழக்கிழமை அஞ்சரையிலருந்து அம்பது நிமிஷம் மஞ்சள் லைட் விடாம மின்னிருக்கு. இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான். நீங்க கவனிக்கலையா?"

அம்பது நிமிஷம், என் கண் முன்னால்.

அவர் ஒயரைக் கழற்ற முன்சீட்டுக்கு எதிரில் இருக்கும் டப்பாவைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு காகிதம் இருந்தது. "இது என்னண்ணா லிஸ்ட்டு?"

பனியன் அட்டைப் பெட்டியில் கிழித்த காகிதம். பூவாத்தாளின் கையெழுத்து. திங்கள், பூவாத்தாள். செவ்வாய், ருக்குமணி. புதன், மரகதம். இப்படி சனிக்கிழமை வரை ஆறு பெயர். கீழே கோடு போட்டு எழுதியிருந்தது: "தூங்கக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. லெப்ட் மட்டும் பார்க்கணும். அண்ணனுக்குத் தெரியக் கூடாது." மேலே தேதி. போன வருடம் ஆடி மாதம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். நேராகச் செக்கிங் பிரிவுக்குப் போய் பூவாத்தாளை வெளியே கூப்பிட்டேன். காகிதத்தைக் காட்டினேன். அவள் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"காத்து வருதுன்னு சொன்ன."

"ஆமாங்ணா."

"அந்த சீட்டு ஜன்னல் கண்ணாடி எறங்காம ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கைப்பிடியச் சுத்துனா சும்மா சுத்துது. அதுல எங்கிருந்து காத்து வரும்?"

"வராதுங்ணா."

"எனக்குத் தெரியலைன்னு எப்பக் கண்டுபுடிச்ச?"

"போன வருசம் ஆடில, ஒரு நாய்க்குட்டி குறுக்க வந்துது. நீங்க பாக்கவே இல்லீங்க. நல்ல வேளைக்கு அது தப்பிச்சுப் போச்சு. அப்பறம் ரெண்டு நாள் கவனிச்சுப் பாத்தோமுங்க."

"பாத்துட்டு, என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பதினெட்டுப் பேரும் தினம் ஏறி உக்காந்தீங்களா? உசுரு என்ன கடைல விக்குதா? மேனேஜர் கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமல்ல!"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சொன்னா உங்கள எறக்கி உட்டுருவாங்க. அடுத்து வாரவன் மெயின் ரோட்டுலயே எறக்கி உட்டுட்டுப் போயிருவானுங்க. கோகுல் ஒரு வாரம் வந்தப்ப அப்படித்தான் பண்ணுனான். நீங்க ஒருத்தருதானுங்ணா, வூட்டு வாசல்ல எறக்கி உட்டு, உள்ள போயி நாங்க லைட்டுப் போடற வரைக்கும் நிக்கறது. அதுக்கு ஆளுக்கு ஒரு நாளு தூங்காம வந்தா என்னன்னு நெனச்சோம். தப்புத்தானுங்க. வியாழக்கெழம அந்தப் புள்ள பள்ளத்துல உக்காந்திருந்ததப் பாத்ததுக்கு அப்பறம் எனக்கும் தூக்கம் வர்றதில்லீங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துண்டால் துடைத்தேன். துடைக்கும்போது பழக்கதோஷத்தில் வலது கண்ணை மூடினேன். எதிரில் இருந்த பூவாத்தாள் பாலில் கரைந்து காணாமல் போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு மேனேஜர் அறை. ரெபேக்கா மேடம் காகிதத்தை நீட்டினார். வியாழக்கிழமை சாயங்காலமும் இன்று காலையும் கேமரா மறைந்திருந்ததால் அது கணக்கில் சேராது என்று விதி. அதைத் தள்ளிப் பார்த்தால், சீட் வேலை செய்த நாட்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். "அப்பறம் என்னங்ணா? வேனு உங்களுது. மீதி மூணு வேனுக்கும் இந்த சீட்டையே போட்டுரலாம்னு ஓனரும் சொல்லிட்டாரு."

சொல்லாமல் வந்திருக்கலாம். இதை எழுதித்தான் ஆக வேண்டும் மேடம். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கும்போது ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். மச்சான் இருக்கிறான், பூவாத்தாள் இருக்கிறாள், ஓட்டிவிடலாம் என்று. பிறகு அந்தப் பெண்ணின் சேலையில் ஒட்டியிருந்த பூசணி விதை ஞாபகத்துக்கு வந்தது.

சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். "மிசினு தேறிடுச்சுங்க. நான் தேறலீங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண் முகாமில் வரிசையில் பின்னால் நின்றுகொண்டு, முன்னால் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பலகையை மனப்பாடம் செய்ததையும் சொன்னேன். பூவாத்தாள் லிஸ்டை மட்டும் சொல்லவில்லை. அது சட்டைப் பையில் இருந்தது.

மேடத்தின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "உங்க லைட்டு நல்ல லைட்டுங்க மேடம். கெட்டது என்ற கண்ணு. என்னை வெச்சு எழுதுன கட்டுரையக் கிழிச்சுப் போட்டுருங்க."

அவர், "கிழிக்கல. தலைப்பை மாத்திக்கிறேன்" என்றார். நோட்டுக்குக் கை நீட்டினார். இன்னும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்றேன். "ஒரு பக்கம் இல்லண்ணா, நெறைய இருக்கு. எழுதிட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் சாவியை டிராயரில் போட்டார். "டாக்டரு எழுதிக் குடுத்தா மறுபடியும் இது வெளிய வரும். இல்லீன்னா வராதுங்ணா" என்றார். நியாயம்தான்.

சாயங்காலம் என் வேனில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். கோகுல் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியில் ஓட்டினான். என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டான்.

அக்டோபர் 15, செவ்வாய்

துளசிமணியிடம் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள். "அப்பறம் என்னத்துக்குங்க ரெண்டு வருசமா தோளத் தட்டறேன்?"

அக்டோபர் 17, வியாழன்

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி. நர்ஸ் என் வலது கண்ணை ஒரு கரண்டி மாதிரி மூடியால் மறைத்துவிட்டு, "எதிர்ல தெரியறதப் படிங்க ஐயா" என்றாள். வாய் தானாகத் திறந்து ப, ம, ட, ய என்று நான்கு வரி ஒப்பித்துவிட்டது.

"ஐயா, நான் இன்னும் போர்டுக்கு லைட்டே போடலீங்க" என்றாள்.

துளசிமணி சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர், "புரை நல்லாப் பழுத்திருக்கு. இவ்வளவு நாள் எப்படி வண்டி ஓட்டுனீங்க?" என்று கேட்டார். தனியாக ஓட்டவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அக்டோபர் 26, சனி

நேற்று ஆபரேஷன். இன்று கட்டு பிரித்தார்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவர் வலது கண்ணுக்குப் பழுப்பு, இடது கண்ணுக்கு வெள்ளை. புதிய கண்தான் நிஜம் என்கிறாள் துளசிமணி. ராமசாமி இடது பக்கமாக வந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் தலையாட்டிவிட்டேன். பயந்துபோய்விட்டான்.

நவம்பர் 11, திங்கள்

டாக்டர் இன்னும் இரண்டு வாரம் ஓட்டக் கூடாது என்றார். உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. காலையில் போய் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ரெபேக்கா மேடம் சீட்டையும் லைட்டையும் சரி பார்க்க எடுத்துப் போயிருப்பதால் கோகுலுக்கு மச்சான் இல்லை. டப்பாவைத் திறந்தேன். புது லிஸ்ட் இருந்தது. திங்கள் பூவாத்தாளின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டேன்.

கருவலூர் வளைவில் இடது பக்கம் ஒரு சைக்கிள். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சைக்கிளில் தொங்கிய தூக்குச்சட்டியின் மூடி வரை தெரிந்தது. கோகுல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே சாய்ந்தான். அவனுடைய இடது தொடையில் ஓங்கிக் கிள்ளினேன்.

"ஐயோ! என்னங்ணா?"

"அதுதான் சிஸ்டம்" என்றேன்.

பின்னால் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். திரும்பும்போது கோகுல் ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் இறக்கினான். நான் கிள்ளுவதற்காக இன்னொரு தடவை கையைத் தயாராக வைத்திருந்ததும் ஒரு காரணம்.

நவம்பர் 25, திங்கள்

டாக்டர் கடிதத்தை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு லாரியைக் காட்டி நம்பரைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்குக் கீழே "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தேன். டிராயரைத் திறந்து சாவியைக் கொடுத்தார்.

ரெபேக்கா மேடம் கருவியை மறுபடியும் மாட்டிவிட்டார். இந்தத் தடவை முன்சீட்டில் பெட்டி இல்லை. மேடம், உங்கள் லைட்டைப் பற்றி ஒரு புகார். இவ்வளவு பெரிய லைட்டா வைப்பது? கண் கூசுகிறது. பாதியாகக் குறைக்கவும். நோட்டு இத்தோடு முடிகிறது. நாளைக்கு உங்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பெண்கள் வந்தார்கள். நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பின்னால் ஏறினார்கள். பூவாத்தாள் மட்டும் சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தாள்.

"இனி எதுக்கு அம்மிணி? லிஸ்ட்டக் கிழிச்சுப் போட்டாச்சு. எனக்கு எல்லாம் தெரியுது."

"தெரியட்டுமுங்க" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நான் காத்துக்குத்தானுங்ணா உக்காரறேன்."

வேனைக் கிளப்பினேன். கேட்டுத் தூணைத் தாண்டி, இடது பக்கம் ஒரு முழம் இடம் விட்டு, ரோட்டில் ஏறினேன்.

"கைப்பிடியச் சுத்து" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சுற்றினாள். நேற்று கோகுலிடம் வேனைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கதவைப் பிரித்துப் போட்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று துளசிமணிக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடி மெதுவாக இறங்கியது. காற்று வந்தது.